யார் பெரிய ஆள்

ஒட்சிசன் குழாயை மூக்கிலிருந்து இழுத்துக் கழற்றிவிட்டு, "இன்னொருக்கா வாசி" என்றார் இராஜசிங்கம்.

லக்சாயினி குழாயைத் திரும்ப மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் அது அழுத்திச் சிவந்திருந்த இடத்தை விரலால் நீவினாள்.

"மாட்டிக்கொண்டு கேட்டா வாசிக்கிறன். கழட்டினா இல்லை."

"சரி, சரி. வாசி."

கைத்தொலைபேசியில் வந்திருந்த செய்தியை அவள் மறுபடியும் தமிழாக்கிச் சொன்னாள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் கறுப்பர்களைப் பெரிய லீக்கில் பேஸ்போல் விளையாட விடவில்லை; அவர்கள் தங்களுக்கென்று வேறு லீக்குகள் வைத்து விளையாடினார்கள். அந்த லீக்குகளின் கணக்கையும் பெரிய லீக்கின் கணக்கோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததும், அடித்தாடும் சராசரியில் நூறு வருடத்துக்குக் கிட்ட முதலாமிடத்தில் இருந்தவர் இரண்டாமிடத்துக்கு இறங்கிவிட்டார். முதலாமிடம் இப்போது ஜோஷ் கிப்சனுக்கு. பெரிய லீக்கில் ஒரு பந்தைக்கூட அடிக்க விடப்படாமல், முப்பத்தைந்து வயதில் செத்துப்போன மனிதனுக்கு.

இராஜசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்று கிழமையாக வற்றிக்கொண்டு வந்த முகம் அது. கன்னத்து எலும்புகளுக்கு மேலே ஒரு சிரிப்பு மெல்ல ஏறி வந்ததை மகள் பார்த்தாள்.

"நான் சொன்னனான்" என்றார். மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு தரம் சொன்னார். "நான் சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனீங்கள் அப்பா."

"தவத்துக்குச் சொல்லு."

கட்டிலின் மற்றப் பக்கம் துவாயை மடித்துக்கொண்டிருந்த சிவமலரின் கை நின்றது. அவள் கணவனைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. துவாயை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

சுவிஸில், சூரிச்சை ஒட்டிய ஷ்லீரனுக்குப் பக்கத்து மருத்துவமனை அது. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளங்களும் தொழிற்சாலைக் கூரைகளும் தெரிந்தன. அன்று காலை மருத்துவர் அம்மாவையும் மகளையும் தனியே கூப்பிட்டு, நுரையீரலில் இனிச் செய்ய எதுவும் இல்லை, வரவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார். சிவமலர் பல வருடங்களாக முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். மருத்துவர் சொல்ல முதலே அவளுக்குத் தெரியும். லக்சாயினிக்குத்தான் அந்த வசனம் தேவைப்பட்டது. அவள் காப்புறுதிக் கம்பனியில் ஆயுட்கணிப்பு நிபுணர். மனிதர்கள் எத்தனை வயது வரை இருப்பார்கள் என்று கணிப்பதே அவளுடைய தொழில். அது அன்றைக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

அவர்கள் வீட்டுக்குள் பேஸ்போல் வந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். அந்த ஆண்டு மே மாதம் வரைக்கும் வீட்டில் செய்தி மட்டும்தான் ஓடியது. இராஜசிங்கம் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் ரி.வி.க்கு முன்னால் நிற்பார். ஆர்ப்பாட்டம் என்றால் பேர்ணுக்கும் போனார், ஜெனிவாவுக்கும் போனார். மே மாதத்தில் ஊரில் போர் முடிந்தது; எல்லாம் முடிந்தது. அன்றைக்குச் செய்தியை நிறுத்தியவர் பிறகு போடவேயில்லை. கிரிக்கெட் பார்க்கலாம் என்று திருப்பினால், அங்கே அந்தக் கொடியோடு அந்த அணி நின்றது. பைத்தியமாகக் கிரிக்கெட் பார்த்த மனிதன், ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு மரக்கட்டைபோல இருந்தார். பிறகு ஒரு சனிக்கிழமை காலை, வேறு எதையோ தேடியபோது ஒரு விளையாட்டுச் சனலில் அமெரிக்காவில் முதல்நாள் நடந்த பேஸ்போல் ஆட்டம் ஓடியது. பந்து இருந்தது, துடுப்பு மாதிரி ஒன்று இருந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்போது லக்சாயினிக்குப் பதினேழு வயது. அப்பாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை, மகளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேரும் சோபாவில் இருந்து, பிழையாக ஊகித்து, சண்டைபிடித்து, அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். இலையுதிர்காலத்துக்குள் இருவருக்கும் அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. இராஜசிங்கம் லோசானுக்குத் தொலைபேசி எடுத்து, ஊர்க் கூட்டாளி தவம் என்ற தவச்செல்வனையும் இழுத்துவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்பீக்கரில் மூன்று பேரின் வழக்கு நடந்தது: உலகத்திலேயே பெரிய பேஸ்போல் ஆட்டக்காரன் ஆர்?

தவச்செல்வனுக்குப் பேப் ரூத்தைத் தவிர ஒருவருமில்லை. "செய்து காட்டினதைத்தான் அண்ணை எண்ணலாம். அவன் பந்தும் போட்டவன், அடிச்சும் காட்டினவன். செய்யாததை எப்பிடி எண்ணுறது?" என்பார்.

இராஜசிங்கத்தின் ஆள் முதலில் டெட் வில்லியம்ஸ். நல்ல வயதில் போருக்குப் போய், விமானம் ஓட்டி, ஐந்து பருவம் கிட்டத்தட்ட இல்லாமல் போனவர். "போகாமல் விட்டிருந்தால்?" என்பது இராஜசிங்கத்தின் கேள்வி. பிறகு ஜோஷ் கிப்சனைப் பற்றி வாசித்ததும் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகியது. "விளையாடினதை மட்டும் எண்ணினா, விளையாட விடாதவன் வெண்டிடுவான். அது என்ன நியாயம்?"

லக்சாயினிக்கு இரண்டு பேரும் பிழை. ஒருவன் தன் காலத்து மற்ற ஆட்டக்காரர்களைவிட எவ்வளவு மேலே நின்றான், அவனுடைய இடத்தில் ஒரு சாதாரண ஆளைப் போட்டிருந்தால் எத்தனை வெற்றி குறைந்திருக்கும், அதைக் கணக்கிட்டால் போதும் என்பாள். அந்தக் கணக்குக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயரின் சுருக்கம் 'வோர்'; ஆங்கிலத்தில் போருக்கும் அதே சொல். அதைக் கேட்ட அன்று இராஜசிங்கம் சிரித்த சிரிப்பு, லோசான் வரைக்கும் ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டிருக்கும்.

"இதுக்கும் அந்தப் பேர்தானோ! எங்களை விடாதாம்!"

பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ஒரு நாள் சனிக்கிழமைத் தொலைபேசி நின்றது. ஏன் என்று கேட்டால், "அவனோடை கதைச்சுப் பிரயோசனமில்லை" என்பார் அப்பா. கிப்சன் விஷயத்தில் ஏதோ வார்த்தை தடித்திருக்கிறது என்று லக்சாயினி நினைத்திருந்தாள். அவளுக்கு அது கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது.

தாழ்வாரத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துக் கதிரையில் சிவமலர் இருந்தாள்.

"அம்மா, நான் தவம் மாமாவுக்கு எடுக்கப்போறன்."

"மூண்டு வருசம். இந்த வருத்தம் எண்டு ஊரெல்லாம் தெரியும். ஒரு போன் எடுத்தவனோ?"

"அப்பாவும் எடுக்கேல்லை."

"அப்பா எடுக்கமாட்டார். அவருக்குக் காரணம் இருக்கு."

"பேஸ்போலுக்கோ அம்மா?"

சிவமலர் மகளை நிமிர்ந்து பார்த்தாள். "ஆர் சொன்னது பேஸ்போல் எண்டு?"

அன்றைக்குத்தான் அவள் சொன்னாள். அப்பாவின் தம்பி மகேந்திரன் சித்தப்பாவின் திவச நாளில் நடந்தது அது. லக்சாயினி அப்போது வேலை விஷயமாக லண்டனில் இருந்தாள். தவச்செல்வன் வழமைபோல லோசானிலிருந்து வந்திருந்தார். மகேந்திரனும் தவச்செல்வனும் ஒரே வகுப்பு, ஒரே அணி. மகேந்திரன் வேகப்பந்து போடுவான், தவச்செல்வன் விக்கெட் கீப்பர். அவர்கள் பாடசாலையின் முதல் அணிக்கு வரும்போது இராஜசிங்கம் ஏற்கெனவே டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தம்பி பந்து போட்டதை அவர் கண்ணால் பார்க்கவேயில்லை. எண்பத்தேழில் ஷெல் விழுந்து தம்பி போய்விட்டான்.

"சாப்பிட்டு முடியக் கதை துவங்கிச்சு. அந்தக் கறுப்பு ஆட்டக்காரன் பெரியவனோ இல்லையோ எண்டு. தவம் சொன்னான், பதிவு இல்லாதவனைப் பெரிய ஆள் எண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு. அப்பா கேட்டார், 'அப்ப மகேன்? நீ கீப் பண்ணினனிதானே. நீ சொல்லு, அவன் பெரிய ஆள்தானே?'"

"தவம் மாமா என்ன சொன்னவர்?"

"'நல்லாப் போட்டான் அண்ணை. ஆனால் இருபது வயசிலை போனவனைப் பெரிய ஆள் எண்டு என்னாலை சொல்ல ஏலாது. தெரியாது.' திவசச் சாப்பாடு சாப்பிட்ட கையோடை சொன்னான். அப்பா எழும்பிப் போய் அவன்ரை கோட்டை எடுத்துக்கொண்டு வந்து கையிலை குடுத்தார்."

லிஃப்ட் வந்து திறந்து, ஒருவரும் ஏறாமல் மூடியது.

"ஓம் எண்டு ஒரு சொல். அதைச் சொன்னா அவனுக்கு என்ன குறைஞ்சிடும்?" என்றாள் சிவமலர்.

லக்சாயினி அம்மாவின் தோளில் கையை வைத்துவிட்டு, ஜன்னலடிக்குப் போய் லோசானுக்கு எடுத்தாள். மறுமுனையில் சூப்பர்மார்க்கெட்டின் இரைச்சலும் பிரெஞ்சுப் பேச்சும் கேட்டன.

"தவம் மாமா, நான் லக்சா. அப்பா இண்டைக்கோ நாளைக்கோ எண்டு இருக்கிறார். உங்களைக் கேட்டவர்."

ஒரு கேள்வி வரவில்லை. "வாறன்" என்றார் தவச்செல்வன். அவ்வளவுதான்.

மத்தியானம் ஷ்லீரன் நிலையத்தில் அவர் இறங்கியபோது வேலைச் சட்டையோடேயே இருந்தார். நெஞ்சில் பெயர்ப்பட்டி தொங்கியது. மூன்று வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. லக்சாயினியைக் கண்டதும் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தார். பிறகு இருவரும் மருத்துவமனைப் பக்கம் ஏறி நடந்தார்கள்.

"செய்தி பாத்தனீங்களோ மாமா?"

"கிப்சனோ? காலமை பார்த்தன். உடனை அண்ணையைத்தான் நினைச்சன்." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னார். "எடுப்பமோ எண்டு போனைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்குள்ளை நீ எடுத்திட்டாய்."

லக்சாயினி சுற்றி வளைக்கிறவள் அல்ல. அந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது.

"அம்மா எல்லாம் சொன்னவ. அப்பா மகேன் சித்தப்பாவைப் பற்றிக் கேட்பார். கட்டாயம் கேட்பார். இந்த முறை ஓம் எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்."

தவச்செல்வன் நின்றார். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது.

"நீ கணக்குப் படிச்ச பிள்ளை. இருபது வயசிலை நிண்ட ஒரு ஆளை, அங்காலை இருபது வருசம் விளையாடினவனோடை ஒப்பிட்டு நீ பெரியவன் எண்டு எழுதுவியோ?"

"எழுதமாட்டன். ஆனால் இது கணக்கில்லை மாமா. அவர் சாகப்போறார்."

"அதாலைதான் சொல்லுறன்." அவருடைய குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "அவன்ரை பந்தைப் பிடிச்ச ஆள் இந்த நாட்டிலை நான் ஒருத்தன்தான். நானும் பொய் சொல்லிப்போட்டன் எண்டால் பிறகு மகேனைப் பற்றி உண்மை சொல்ல ஆர் இருக்கினம்? அண்ணை, தம்பி எண்டு கட்டிப்பிடிச்சு அழுறதுக்கு எத்தினையோ பேர் வருவினம். அண்ணை என்னைக் கேட்டது அதுக்கில்லை."

லக்சாயினிக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே, அந்த மனிதரை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

அறைக்குள் போனதும் தவச்செல்வன் கட்டிலடியில் நின்றார். இராஜசிங்கம் கண் திறந்து பார்த்தார். சுகமோ என்று ஒருவரும் கேட்கவில்லை. சிவமலர் சுவரோடு கைகட்டி நின்றாள்.

"பாத்தியோடா?" என்றார் இராஜசிங்கம்.

"பாத்தன் அண்ணை."

"ஆர் முதலாமிடம்?"

லக்சாயினி தவச்செல்வனைப் பார்த்தாள். இந்த நேரத்தில் பாவம் பார்த்து, 'நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணை' என்று அவர் இறங்கிவிட்டால், அப்பாவுக்கு அது எப்படி இருக்கும் என்று அவள் அந்தக் கணத்தில்தான் யோசித்தாள். பன்னிரண்டு வருடம் விட்டுக்கொடுக்காதவன் இன்றைக்கு விட்டுக்கொடுத்தால், அது சாவுச் சேதியைக் கையில் கொடுப்பது மாதிரி.

தவச்செல்வன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"சராசரியிலை முதலாமிடம். சரி. ஆனால் அவன்ரை லீக்கிலை ஒரு பருவத்துக்கு எத்தினை ஆட்டம்? ரூத் விளையாடினதிலை அரைவாசியும் வராது. கொஞ்ச ஆட்டத்திலை சராசரி ஏறத்தான் செய்யும். கேளுங்கோ, உங்கடை மகளே சொல்லுவாள்."

"அது உண்மை அப்பா" என்றாள் லக்சாயினி. குரல் தானாகவே சனிக்கிழமைக் குரலாகிவிட்டது. "சின்ன எண்ணிக்கை."

"சின்ன எண்ணிக்கையோ!" இராஜசிங்கத்தின் கழுத்து தலையணையிலிருந்து எழும்பியது. "ஆர் அதைச் சின்னனாக்கினது? அவனோ? டேய், உன்ரை ரூத் அடிச்சதெல்லாம் வெள்ளைக்காரர் போட்ட பந்து. கறுப்பங்கள் எறிஞ்ச பந்தை அவன் லீக்கிலை ஒருநாளும் சந்திக்கேல்லை. அப்ப அவன்ரை கணக்கு மட்டும் முழுக் கணக்கோ?"

தவச்செல்வன் கதிரையில் பின்னால் சாய்ந்தார். "அது ஒரு கதைதான்" என்றார். "ஆனால் ரூத் பந்தும் போட்டவன்."

"கிப்சன் கீப்பரடா! உன்னைப்போல. நாள் முழுக்கக் குந்திக்கொண்டிருந்து பந்து பிடிச்சிட்டு, எழும்பிப் போய் அப்பிடி அடிக்கிறது. உனக்குத் தெரியாதோ அந்த நாரிநோ, முதுகுநோ?"

தவச்செல்வன் சிரித்தேவிட்டார். "தெரியும் அண்ணை. அதாலைதான் நான் ஒருநாளும் இருபது ஓட்டம் தாண்டேல்லை."

இருமல் வந்து இராஜசிங்கத்தை உலுக்கியது. சிவமலர் ஓடி வந்து தலையைத் தூக்கிப் பிடித்தாள். அடங்க நேரமெடுத்தது. அடங்கியபின் அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரத்தில், சண்டைக்குரல் இல்லாமல், கேட்டார்.

"மகேன் என்னெண்டு போடுவான்?"

பெரியவனோ என்று கேட்கவில்லை. லக்சாயினி அதைக் கவனித்தாள். தவச்செல்வனும் கவனித்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"ஓடி வாறது பெரிய வேகமில்லை அண்ணை. நடந்து வாற மாதிரித்தான் துவங்குவான். கடைசியிலை தோள் ஒண்டு சுழலும். அவ்வளவுதான் தெரியும். பிறகு பந்து வந்திடும். பாய் விரிச்ச விக்கெட்தானே, குத்தி எழும்பும். ஒருக்கா ஒரு மாட்ச், காத்து அவன்ரை முதுகுக்குப் பின்னாலை. முதல் பந்து என்ரை தலைக்கு மேலாலை போயிட்டுது. நாலு ஓட்டம். கப்டன் என்னை ஏசினான். நான் பின்னுக்குப் போய் நிண்டன். அடுத்ததும் தலைக்கு மேலாலை. இன்னும் பின்னுக்குப் போனன். பாத்துக்கொண்டு நிண்ட சனம் சிரிச்சுது, கீப்பர் வீட்டை போறான் எண்டு."

"எவ்வளவு பின்னுக்கு?"

"நல்ல தூரம்."

"நல்ல தூரம் எண்டால்? காட்டு."

தவச்செல்வன் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு எழும்பினார். கட்டிலுக்கு முகத்தைக் காட்டியபடியே பின்னுக்கு நடந்தார். சுவர் வந்துவிட்டது.

"இவ்வளவோ?" என்றார் இராஜசிங்கம்.

"இல்லை அண்ணை. இது சுழல்பந்துக்கு நிக்கிற இடம். லக்சா, கதவைத் திற."

அவள் கதவை அகலத் திறந்து பிடித்தாள். தவச்செல்வன் தாழ்வாரத்துக்கு இறங்கினார். அறைக்கு நேரெதிரே நீண்டு போகிற தாழ்வாரம் அது. அவர் பின்னுக்கே நடந்துகொண்டிருந்தார். மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த தாதி ஒருத்தி விலகி நின்று, ஜேர்மன் மொழியில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். "எங்கடை அப்பாவுக்கு ஒண்டு காட்டுறார்" என்று லக்சாயினி அதே மொழியில் பதில் சொன்னாள். தாதி தள்ளுவண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, தானும் பார்த்தாள்.

சிவமலர் கட்டிலின் தலைப்பக்கத்தை மேலே உயர்த்தினாள். கணவனின் தோளுக்குப் பின்னால் தன் கையைக் கொடுத்து, அவர் தாழ்வாரத்தை நேராகப் பார்க்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்தாள்.

"இஞ்சையோ?" இராஜசிங்கத்தின் குரல் அறையைத் தாண்டவில்லை. லக்சாயினி கதவடியில் நின்று எடுத்துக் கூப்பிட்டாள். "இஞ்சையோ எண்டு கேக்கிறார்!"

"இன்னும்!"

லிஃப்டையும் தாண்டிப் போனார். கதிரைகளைத் தாண்டினார். தாழ்வாரத்தின் அந்தலையில், ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால், பெயர்ப்பட்டி போட்ட சின்ன உருவமாக நின்றார். முழங்காலை மடித்து, மெல்லக் குந்தினார். இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்தார்.

"இஞ்சை!" என்று கத்தினார். "இஞ்சை நிண்டும் என்ரை நெஞ்சுக்கு வந்தது அண்ணை!"

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அப்படி ஒரு சத்தம் யாரும் போடுவதில்லை. இரண்டு அறைக் கதவுகள் திறந்து மூடின. இராஜசிங்கம் மனைவியின் கையில் சாய்ந்து, அந்தத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து ஒட்சிசன் குழாயில் தேங்கியது. அதைத் துடைக்க அவர் கை எடுக்கவில்லை.

"அவ்வளவு தூரமோ" என்றார்.

பிறகு, "காணும், போதும். அவனை எழும்பச் சொல்லு. நாரி பிடிக்கப்போகுது" என்றார்.

அதற்குப்பிறகு அவர் அதிகம் பேசவில்லை. தவச்செல்வன் கட்டிலடியில் இருந்து, கேட்கிறாரோ இல்லையோ என்று பார்க்காமல், அந்த மாட்ச் எப்படி முடிந்தது, மழை எப்போது வந்தது, மகேந்திரன் எந்தச் சைக்கிளில் வீட்டுக்குப் போனான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னேரம் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் இடைவெளி கூடியது. சிவமலர் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினாள். நிறையப் பேரை அனுப்பிவைத்த கை அது.

"லக்சா, இந்தப் பக்கம் வா. கையைப் பிடி" என்றாள்.

லக்சாயினி பிடித்தாள். இராஜசிங்கம் ஒரு மூச்செடுத்தார். அடுத்ததற்கு எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

தாதி வந்து பார்த்துவிட்டு, உயிர் வெளியே போகட்டும் என்கிற இந்த நாட்டு வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டாள். சூரிச் பக்கம் போகிற ரயிலின் சத்தம் உள்ளே வந்தது.

சுடுகாட்டு மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. அச்சகத்தில் கூட வேலைசெய்த சுவிஸ்காரர்கள் கறுப்புக் கோட்டோடு பின்வரிசையில் நின்றார்கள். தமிழ்ச் சங்கத்தின் சார்பில் ஒருவர் எழும்பி, ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். அதன்பிறகு வந்தவரும் அதையே சொன்னார். லக்சாயினி மேடைக்குப் போனபோது கையில் தாள் எதுவும் இல்லை.

ஒரு கலியாண வீட்டில் அப்பா ஐயருக்குப் பேஸ்போல் விளங்கப்படுத்திய கதையை அவள் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் நாலு வடையை நாலு மூலையில் வைத்து, அடித்தவன் இதிலிருந்து அதுக்கு ஓடவேணும், அதிலிருந்து மற்றதுக்கு, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வரவேணும் என்று அப்பா சொல்லிமுடிக்க, ஐயர் கேட்டாராம்: "வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறதுக்கு ஏன் ராசசிங்கம் இவ்வளவு ஓட்டம்?"

மண்டபம் சிரித்தது.

"அப்பா சொன்னவர், 'திரும்பி வந்தாத்தான் ஐயா கணக்கு. வராட்டி எவ்வளவு ஓடியும் கணக்கில்லை.' சொல்லிப்போட்டு, வீட்டை வாற வழி முழுக்க ஒண்டும் கதைக்கேல்லை."

சிரித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் நிறுத்தினார்கள். அவள் அதை ஜேர்மன் மொழியிலும் சொன்னாள். பின்வரிசைக்காரர்களும் சிரித்தார்கள். ஆர் பெரிய ஆள் என்று அவள் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கி, அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

அஸ்தி கரைப்பதற்குத் தவச்செல்வன் மறுபடியும் வந்தார். லிம்மாற் ஆற்றின் கரையில், மரங்களுக்குக் கீழே ஒரு படிக்கட்டு இறங்கும் இடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். முதல்நாள் மழை பெய்து ஆறு வேகமாக ஓடியது. சிவமலர் தன் கையாலேயே எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டாள். சாம்பல் ஒரு கணம் வெள்ளையாக மிதந்து, வளைவுக்குப் போகமுதல் தெரியாமல் போனது. கைகளைக் கழுவிக்கொண்டு, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவள் முதலில் படியேறி நடந்தாள்.

மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். பாலத்தடி வந்ததும் லக்சாயினி சொன்னாள்.

"மாமா, நான் கணக்குப் பாத்தன். கிப்சனுக்கு ஆட்டம் குறைவு எண்டு சொன்னனீங்கள். சரி. ஆனால் கிடைச்ச ஆட்டங்களை மட்டும் எடுத்து ரூத்தின்ரை நல்ல வருசங்களோடை வைச்சுப் பாத்தா..."

"நல்ல வருசங்களோடையோ? ஏன் பிள்ளை நல்ல வருசம் மட்டும்? கூடாத வருசத்தையும் அவன்தானே விளையாடினவன்?"

"உச்சத்தைத்தான் பாக்கவேணும். எல்லாருக்கும் முழங்கால் போகும்."

"உச்சம் எண்டு பாத்தா, ஒரு கிழமை நல்லா அடிச்சவனும் பெரிய ஆள்!"

"ஒரு கிழமை எண்டு ஆர் சொன்னது?"

"நீதான் இப்ப சொன்னனி!"

மேலே தெருவில் பஸ் வந்து நின்றது. லக்சாயினி நடுவழியில் நின்று, கையால் காற்றில் வரைபடம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். தவச்செல்வன் தலையை ஆட்டி ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பஸ்ஸைக் காணவில்லை.

சிவமலர் ஏறி, திரும்பிப் பார்த்தாள். கூப்பிடவில்லை. ஈரம் காயாத கையை நீட்டிக் கதவடியில் பிடித்தாள். கதவு மூட வந்து, கையைக் கண்டு, திறந்தது. சாரதி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கதவு இன்னொரு தரம் மூட வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.